வரப்பெற்றோம்!

"வரப்பெற்றோம்!" ஏடுகளின் கடைசிப் பக்கத்திலே, கட்டம் கட்டி இப்படியொரு தலைப்பு. அதன் கீழே நூலின் பெயர், பக்கம், விலை. தப்பித் தவறி நான்கு வரி இருந்தால், அது பின்னட்டையில் ஆசிரியரே அச்சிட்டுக்கொண்ட புகழுரை! இதற்கு மதிப்புரை என்று பெயராம்.

பெரிய பதிப்பகத்தின் நூலுக்கு இந்தக் கதி இல்லை. மனைவியின் வளையலை அடகு வைத்து, முந்நூறு படி அச்சிட்டு, பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் அஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்துக் கிடக்கிறானே எழுத்தாளன், அவனுக்குத்தான்!

அத்தகைய நண்பர் ஒருவர் தம் சிறுகதைத் தொகுதியைத் தந்து, நாலு வரி எழுதித் தரக் கேட்டார். படித்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியிலே மூச்சுத் திணறும் சிற்றூரைப் பற்றிய இரண்டு கதைகள் நெஞ்சை உலுக்கின; மற்றவை கண்ணீரைக் கடனாகக் கேட்டன. அப்படியே எழுதினேன். மூன்று மாதம் நண்பர் முகம் கொடுத்துப் பேசவில்லை! வெளியீட்டு விழாவிலோ, நூலைப் புரட்டியும் பாராத பெருமக்கள் பொன்னாடை போர்த்தி, "காவியம்" என்று முழங்கினர். தோழர்களே, நண்பருக்குப் பகைவர் யார்? நானா, அவர்களா?

"வளரும் பயிரை வாட்டலாமா?" என்கின்றனர் சிலர். செட்டிகுளத்து வெங்காயக் கொல்லையிலே களையெடுக்கும் பெண்களிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும் இந்த நியாயத்தை!

சொந்தச் செலவில் அச்சிட்ட நூல் என்றால் இளக்காரமா? 1936இல் லாகூர் ஜாத்-பட்-தோடக் மண்டல், தலைமையேற்க அழைத்த அம்பேத்கரின் உரையைக் கண்டு அஞ்சி, மாநாட்டையே கைவிட்டது. அவர் தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்தன. தமிழிலும் அது பெயர்க்கப்பட்டது. காந்தியார் தம் ஹரிஜன் ஏட்டில் அந்நூலை எதிர்த்தெழுதினார். எட்டணா விலை அதிகம், இரண்டணாவோ நாலணாவோ போதும் என்றுகூடக் குறை கண்டார்! அம்பேத்கர் முகம் சுளித்தாரா? 1937இன் இரண்டாம் பதிப்பிலே அந்த மறுப்பையும் சேர்த்து, தம் விடையையும் வைத்தார். மதிப்புரை என்பது அது. அதை ஏற்கும் ஆண்மையும் அது! (ஆண்மை என்றா எழுதினேன்? பழக்க தோஷம், நெஞ்சுரம் என்று திருத்திக்கொள்க.)

திருத்தியதற்குக் காரணம் உண்டு. இதே பெரம்பலூர் மண்ணில் பிறந்த சிவகாமி, 1989இல் 'பழையன கழிதலும்' என்ற நாவலைத் தந்தார். சாதிக் கொடுமைக்கு எதிராகக் குரல் கொடுக்கும் ஒடுக்கப்பட்டோர் தலைவர் காத்தமுத்து. அவர் வீட்டுக்குள்ளேயோ ஆணின் ஆட்சி! மகள் கௌரியின் கண்கள் அதைக் காண்கின்றன. நம்மவரை நாமே குறை சொல்வதா என்று சினந்தவர் உண்டு. சிவகாமி பின்வாங்கவில்லை. பிறகு 'ஆசிரியர் குறிப்பு' எழுதி, தம் முதல் நாவலையே கேள்விக் கூண்டில் ஏற்றினார். பொன்னாடைக் கூட்டம் அவருக்கு இதைக் கற்பித்திருக்குமா?

இதழாசிரியர்களே, இடமில்லை என்று சொல்லாதீர்கள். நூலொன்றுக்கு மூன்று வாக்கியம் போதும்: என்ன சொல்கிறது, எங்கே வென்றது, எங்கே சறுக்கியது. படித்துவிட்டு எழுதுங்கள், அவ்வளவே!

நண்பர் சென்ற ஞாயிறன்று மீண்டும் வந்தார். கையிலே இரண்டாவது தொகுதி. இம்முறை அச்சாகவில்லை, கையெழுத்துப் படி. கூடவே ஒரு சிவப்பு மைப் பேனாவும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.