பதக்கம் பெற்ற பிள்ளை



ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போனவர்கள் ஆனையிறவில் துருப்பிடித்த ஒரு புல்டோசரைப் பார்த்திருப்பீர்கள். இரும்புத் தகடு அடித்துக் கவச வண்டியாக்கியது. பக்கத்தில் ஒரு சிப்பாயின் நினைவுச்சின்னம். தெற்கிலிருந்து வரும் பஸ்கள் நிற்கும், ஆட்கள் இறங்கிப் படம் எடுப்பார்கள். நம்மில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவோம். இம்மாதம் அந்தச் சிப்பாயைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோபிக்காமல் வாசியுங்கள்.

பெயர் காமினி குலரத்ன. ஊர் ஹசலக்க. கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் பாதையில் பதினெட்டு வளைவு இறங்கினால் வரும் வயல் கிராமம். எங்கள் ஹட்டன் தேயிலை மலைகளைப் போல அதுவும் மத்திய மாகாணந்தான்.

1991 யூலையில் புலிகள் ஆனையிறவு முகாமை முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்தது சிங்க ரெஜிமென்டின் 6ஆவது படைப்பிரிவு. 14ஆம் திகதி அந்தப் புல்டோசர் காவலரண்களை நோக்கி வந்தது. சுட்ட குண்டுகள் தகட்டில் பட்டுத் தெறித்தன. லான்ஸ் கோப்ரல் காமினி கைக்குண்டுகளோடு ஓடினார். சூடு பட்டும் நிற்காமல் வண்டியில் ஏறிக் குண்டுகளை உள்ளே போட்டார். வண்டி நின்றுவிட்டது. அவரும் அங்கேயே இறந்தார். வயது 24. இலங்கைப் படைகளின் மிக உயர்ந்த வீர விருதான பரம வீர விபூஷணய முதன்முதலில் அவருக்குத்தான் கிடைத்தது. கோப்ரல் பதவியும் இறந்த பிறகுதான் வந்தது.

வெற்றிலைக்கேணியில் கடல்வழியாகப் படை இறக்கி முகாமை அன்று காப்பாற்றினார்கள். ஆனால் 2000 ஏப்ரலில் அதே ஆனையிறவு புலிகளிடம் விழுந்தது. 2009 சனவரியில் மறுபடி இராணுவத்தின் கைக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் எத்தனை வீட்டில் ஒப்பாரி!

அந்தப் பையனின் துணிவு உண்மை. அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கத்துக் கதையும் உங்களுக்குத் தெரியும். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு எத்தனையோ குடும்பங்கள் வன்னிக்குப் போயின. என் சின்னம்மா குடும்பமும் அப்படித்தான் போனது. லயத்தில் பிறந்த அவருடைய மூத்த மகன் வன்னியில் இயக்கத்துக்குப் போனான், திரும்பி வரவில்லை. சண்டை முடிந்த பிறகு ஒருமுறை சின்னம்மாவோடு அந்த வழியால் போனேன். புல்டோசரை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உள்ளுக்கு இருந்த புள்ளைங்க பேரு எழுதியிருக்காம்மா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். துயிலும் இல்லங்களைக்கூட இடித்துத் தள்ளிவிட்டார்களே, வண்டிக்குள் இருந்தவர்களின் பெயரை யார் எழுதப் போகிறார்கள்?

ஹசலக்கத் தாய்க்குப் பதக்கம் பிள்ளையாகிவிடாது. ஆனாலும் மகன் எங்கே, எந்த நாளில், எப்படிப் போனான் என்று அவருக்குத் தெரிந்தது. சீருடை போட்ட பிள்ளைகளைப் பெற்ற எல்லாத் தாய்மாருக்கும் அதுகூடக் கிடைக்கவில்லை. கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாசவின் மகன் இராணுவ அதிகாரி. 1998 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சமரில் காணாமற்போனார். கழுத்தில் அடையாளத் தகடு இல்லாததால் எத்தனையோ சிப்பாய்களின் உடல்கள் இன்னார் என்று தெரியாமலே போயின. அந்தத் தாய் அழுதுகொண்டு வீட்டில் இருக்கவில்லை. காணாமற்போன படையினரின் பெற்றோரைச் சேர்த்தார். போரில் பாதிக்கப்பட்ட பெண்கள் சங்கத்தை அமைத்தார். போராடுகிறவர்கள் அடையாளத் தகடு அணிய வேண்டுமென்று கேட்டார். வன்னிக் காட்டுக்கே போய்ப் புலிகளின் தலைவர்களைச் சந்தித்தார். தமிழ்த் தாய்மாரோடும் கூடி உட்கார்ந்து பேசினார்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகப் பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்த தாய்மார் கேட்டதும் இதே விஷயத்தைத்தான். அதுவும் ஏ9 வீதியோரம்தான். ஆனையிறவிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம்கூட இல்லை.

பிள்ளையைத் தேடுகிற சகோதரிகள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, பள்ளிக்கூடத்தில் எடுத்த படம், முறைப்பாட்டுத் துண்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் முதலில் நனைவது கடதாசிதான்.