ஊரைச் சுமக்கும் பெயர்கள்

மலாக்காவுக்குச் சுற்றுலா போகாத பல்கலைக்கழக மாணவர் நம்மில் மிகக் குறைவு. சிவப்புக் கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். டச்சுக்காரர் கட்டியது என்று வழிகாட்டி சொல்வதைக் கேட்டுக்கொள்கிறோம். செண்டோல் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

1641-இல் போர்த்துகீசியரிடமிருந்து அந்நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், இடையில் பிரிட்டிஷார் வசம் இருந்த ஆண்டுகள் நீங்கலாக, 1825 வரை அதைத் தம் கையில் வைத்திருந்தார்கள். அவர்களுடைய முதல் ஆளுநர்களின் பெயர்களைச் சற்றே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: யோஹான் வான் ட்விஸ்ட், யெரெமியாஸ் வான் விலீட், அர்னால்ட் டெ விலாமிங் வான் ஊட்ஸ்ஹோர்ன். 1662 முதல் 1665 வரை அங்கே தலைமை வகித்தவர் யான் வான் ரீபெக். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகருக்கு 1652-இல் அடித்தளமிட்டவரும் அவரே.

எல்லாப் பெயரிலும் ஒரு "வான்" வருகிறது. நம் வானத்துக்கும் இந்த வானுக்கும் தொடர்பில்லை. டச்சு மொழியில் அதற்கு "இன்ன இடத்தைச் சேர்ந்த" அல்லது "இன்ன இடத்திலிருந்து வந்த" என்பது பொருள். விலீட் என்றால் நீரோடை. ஊட்ஸ்ஹோர்ன் தென் ஹாலந்து மாநிலத்தில் உள்ள ஓர் ஊர். "டெ விலாமிங்" என்றால் ஃபிளாண்டர்ஸ் நாட்டவர். ஆக, அந்த ஒரு மனிதர் தம் பெயரில் இரண்டு இடங்களைச் சுமந்துகொண்டு மலாக்காவுக்கு வந்திருக்கிறார்! இவர்களை நம் முன்னோர் ஒல்லாந்தர் என்று அழைத்ததும் ஹாலந்து என்னும் இடப்பெயரைக் கொண்டுதான்.

ஒரு மனிதனின் பெயரில் ஊர் இருப்பது வேண்டாத சுமையா, வேண்டிய அடையாளமா? டச்சுக்காரர்களின் பெயர் வரலாற்றைப் படித்தபோது எனக்கு எழுந்த கேள்வி இது. நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அணையும் மேடும் ஓடையும்

ஆம்ஸ்டர்டாமில் உள்ள மேர்ட்டென்ஸ் ஆய்வுக்கழகம் 2007-ஆம் ஆண்டின் மக்கள் பதிவைக் கொண்டு ஒரு பட்டியல் தயாரித்தது. நெதர்லாந்தில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர்களில் முதல் ஐந்து இவை: டெ யோங், யான்சன், டெ விரீஸ், வான் டென் பெர்க், வான் டைக். முதலாவது "இளையவர்", இரண்டாவது "யானின் மகன்". எஞ்சிய மூன்றும் இடத்தைக் குறிப்பவை. டெ விரீஸ் என்றால் ஃபிரீசியா நாட்டவர். இப்பெயருடையவர்கள் 71,000-க்கும் மேல். வான் டென் பெர்க் என்றால் மலையைச் சேர்ந்தவர், 58,000-க்கும் மேல். வான் டைக் என்றால் அணைக்கரையைச் சேர்ந்தவர், 56,000-க்கும் மேல்.

கடல் மட்டத்துக்குக் கீழே கால் பங்கு நிலம் கிடக்கும் நாட்டில், அணைக்கரை என்பது உயிரைக் காக்கும் வரம்பு. அதன் ஓரத்தில் குடியிருந்தவன் அதன் பெயராலேயே அறியப்பட்டதில் வியப்பில்லை. வடக்கே ஃபிரீசியாவில் இதே பொருளை "ஸ்ட்ரா" என்னும் ஈற்றைச் சேர்த்துச் சொல்வார்கள். கணினித் துறை மாணவர்கள் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கப் படிக்கிறார்களே டைக்ஸ்ட்ரா வழிமுறை, அதை 1959-இல் வெளியிட்ட எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவின் பெயருக்கும் அணைக்கரைவாசி என்றே பொருள். அணைகள் வருவதற்கு முன்பு, வெள்ளத்துக்குத் தப்ப மண்ணைக் குவித்து மேடாக்கி அதன்மேல் குடியிருந்தார்கள். அந்த மேட்டுக்கு "டெர்ப்" என்று பெயர். டெர்ப்ஸ்ட்ரா என்பவர் அந்த மேட்டுக்காரர்.

ஊர் வேண்டும் என்றுகூட இல்லை, ஒரு தெருமூலையே போதும். நுண்ணோக்கியால் நுண்ணுயிர்களைக் கண்ட அந்தோனி வான் லீவன்ஹூக்கின் பெயருக்குச் "சிங்க மூலையைச் சேர்ந்தவர்" என்பது பொருள். டெல்ஃப்ட் நகரின் சிங்க வாயிலை ஒட்டிய மூலையை அது குறிக்கிறது என்பார்கள்.

இதில் வேடிக்கை, அந்த மலைக்காரர்கள்தான். ஐரோப்பாவில் உள்ள நெதர்லாந்து நிலப்பகுதியின் மிக உயர்ந்த இடமான வால்செர்பெர்க் வெறும் 322 மீட்டர். மற்றவர்களெல்லாம் சமவெளியில் இருக்க, சிறு மேட்டில் வீடு வைத்திருந்தவன் "மலையைச் சேர்ந்தவன்" ஆகிவிட்டான். எல்லோரும் மலையில் இருந்தால் அந்தப் பெயரால் யாருக்கு என்ன பயன்?

விட்டு வந்த பிறகே பெயர்

ஊர்ப்பெயர் ஒருவனிடம் ஒட்டும் விதமும் இதுதான். டெல்ஃப்டுக்குள் எல்லோரும் டெல்ஃப்ட்காரர்கள். அங்கே ஒருவனை அப்படி அழைப்பதில் பொருளில்லை. அவன் ஊரை விட்டு வேறிடம் போனால்தான் அங்கிருப்பவர்கள் "டெல்ஃப்ட்காரன்" என்பார்கள். ஆகவே பெயரில் இருக்கும் ஊர் பெரும்பாலும் அவன் வாழும் ஊர் அன்று, அவனோ அவன் முன்னோரோ விட்டு வந்த ஊர். இந்தப் பெயர்களைப் புலம்பெயர்வின் குறிப்பேடு எனலாம்.

மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காகக் கோல் அடித்துக் குவித்த ரூட் வான் நிஸ்டல்ரூயின் பெயரில் நிஸ்டல்ரோடு என்னும் பிரபந்து கிராமம் இருக்கிறது. ஓவியர் வான் கோவின் பெயரில் எல்லைக்கு அப்பால் ஜெர்மனியில் உள்ள கோக் என்னும் ஊர் இருக்கிறது. அமெரிக்காவின் செல்வந்தக் குடும்பமான வாண்டர்பில்ட், உட்ரெக்ட் அருகே உள்ள டெ பில்ட் என்னும் ஊரிலிருந்து போனவரின் வழி வந்தது. 2010 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்து அணிக்குத் தலைமை தாங்கிய ஜியோவன்னி வான் பிரோங்க்ஹோர்ஸ்டின் உடலில் ஓடுவது மொலுக்கா தீவுகளின் இரத்தமும்தான். பெயரில் இருப்பதோ கெல்டர்லாந்து மாநிலத்தின் மிகச் சிறிய ஊரான பிரோங்க்ஹோர்ஸ்ட்!

நெதர்லாந்தின் கிழக்கே ட்வென்ட, ஆக்டர்ஹூக் பகுதிகளில் வழக்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே பெயர் பண்ணைக்கு உரியது. பண்ணையில் குடியேறுபவர் அப்பண்ணையின் பெயரை ஏற்பார். பண்ணைக்காரரின் மகளை மணந்து வருகிற மருமகனும் தன் பெயரை விட்டுவிட்டு அந்தப் பெயரையே ஏற்பான். அங்கே தந்தை பெயரைவிட மண்ணின் பெயர் வலுவாக இருந்தது.

இவையெல்லாம் சட்டத்தால் உறைந்தது நெப்போலியன் காலத்தில். நெதர்லாந்தைப் பிரான்சோடு இணைத்துக்கொண்ட பின், 1811 ஆகஸ்டில் ஒவ்வொருவரும் நிலையான குடும்பப் பெயரைப் பதிய வேண்டும் என்று ஆணை பிறந்தது. நெப்போலியனைக் கேலி செய்ய மக்கள் வேண்டுமென்றே "அம்மணமாய்ப் பிறந்தவன்" போன்ற பெயர்களைப் பதிந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்தப் பெயரோ அவருக்கு நெடுங்காலம் முன்பே வழக்கில் இருந்தது. பெரும்பாலோருக்கு ஏற்கெனவே குடும்பப் பெயர் இருந்தது. வடபகுதிகளில்தான் பலர் நம்மைப் போலவே தலைமுறைக்குத் தலைமுறை மாறும் தந்தை பெயரோடு வாழ்ந்துவந்தார்கள்.

"வான்" உயர்குடிப் பட்டமல்ல

என் கருத்துக்கு அடிப்படையான செய்தி இதுதான். ஜெர்மன் பெயர்களில் வரும் "ஃபோன்" பெரும்பாலும் உயர்குடியின் அடையாளம். டச்சு "வான்" அப்படியன்று. பிரபுவின் பெயரிலும் அது உண்டு, கால்வாய் ஓரத்தில் குடிசை போட்டவன் பெயரிலும் அது உண்டு. இசைமேதை லுட்விக் வான் பேத்தோவனின் முன்னோர் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து வந்தவர்கள். தம் அண்ணன் தம்பி வழிப் பிள்ளையின் பொறுப்பைக் கேட்டு வியன்னாவில் அவர் தொடுத்த வழக்கு, உயர்குடியினருக்கான நீதிமன்றத்தில் நடந்தது. 1818-இல் அவருடைய "வான்" வெறும் இடச்சொல் என்பது தெரிந்ததும் வழக்கைச் சாதாரண மக்களுக்கான நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெரிய கலைஞருக்கு அது அவமானமாக இருந்திருக்கலாம். ஆனால் என்னைப் பொறுத்தவரை "வான்" என்னும் சொல்லின் பெருமையே அதுதான். அது நீ எங்கிருந்து வந்தாய் என்று மட்டும் சொல்கிறது. மேலானவனா கீழானவனா என்று சொல்வதில்லை.

நம் பெயரில் என்ன வைக்கப்போகிறோம்?

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நண்பர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் திணறுகிறார்கள்: குடும்பப் பெயர் என்ன? அடையாள அட்டையில் நம் பெயர், ஏ/எல் அல்லது ஏ/பி, பிறகு தந்தையின் பெயர். வேறொன்றும் இல்லை. எனவே "நமக்கும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும்" என்னும் பேச்சு அவ்வப்போது எழுகிறது. அதில் தவறில்லை. ஆனால் அந்தக் காலி இடத்தைச் சிலர் எதைக்கொண்டு நிரப்புகிறார்கள் என்று பாருங்கள். தாத்தா காலத்திலேயே உதிர்ந்துபோன சாதிப் பட்டங்கள், பேரன் பேத்திகளின் திருமண அழைப்பிதழ்களிலும் இணையப் பக்கங்களிலும் மீண்டும் துளிர்க்கின்றன. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று தீர்மானித்தார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, கடல் கடந்த நாட்டில், பட்டப்படிப்பு படித்த நாம் அதைத் திரும்ப எடுத்து ஒட்டிக்கொள்வதா?

குடும்பப் பெயர் வேண்டுமென்றால் அதற்கு நம்மிடமே வேறு வழி இருந்தது. ஓவியர் ரெம்பிராண்டின் முழுப்பெயர் ரெம்பிராண்ட் ஹார்மன்ஸ்ஸோன் வான் ரைன். அதாவது ரைன் ஆற்றங்கரையைச் சேர்ந்த ஹார்மன் மகன் ரெம்பிராண்ட். நம் சங்கப் புலவர் ஒருவரின் பெயர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர், தந்தை, தன் பெயர் என்ற அதே மூன்றும் இருக்கின்றன. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், பிசிராந்தையார் என்று ஊரால் அறியப்பட்ட புலவர்கள் இன்னும் பலர். பிற்காலத்தில் அதுவே முதலெழுத்தாகச் சுருங்கியது. உ.வே.சா.வின் "உ" உத்தமதானபுரம். பெரியாரின் "ஈ" ஈரோடு. இங்கே வந்தபின் பதிவேட்டில் தந்தை பெயர் மட்டும் நின்றது, ஊர் உதிர்ந்துவிட்டது.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, எந்த ஊர்? பார்த்தே இராத தமிழ்நாட்டுக் கிராமமா? என் வீட்டிலும் கேட்டேன். கொள்ளுத்தாத்தா "சேலம் பக்கம்" என்பதற்கு மேல் விடை கிடைக்கவில்லை. தாத்தா பிறந்த தோட்டத்தின் பெயர் கிடைத்தது. அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. ஆனால் டச்சுப் பெயர்கள் சொல்வது இதைத்தானே? பெயரில் நிற்பது விட்டு வந்த இடம். அது இன்றும் இருக்க வேண்டும், நாம் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. அணைக்கரையைக் கண்ணால் காணாத வான் டைக்குகள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். நம்மைப் பொறுத்தவரை பால்மரத் தோட்டமும் விட்டு வந்த ஊர்தான்.

இரண்டாவது மறுப்பு கனமானது. தோட்டத்தின் பெயர் முதலாளி வைத்தது. அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்? டச்சு வரலாற்றிலேயே இதற்கு ஒரு கசப்பான பக்கம் உண்டு. சுரினாமில் 1863 ஜூலை 1 அன்று அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டோருக்குக் குடும்பப் பெயர் சூட்டப்பட்டது. உடைமையாளரின் பெயரை அப்படியே கொடுக்கக்கூடாது என்பதால் அதன் எழுத்துகளைக் கலைத்தும் கொடுத்தார்கள். டெ விரீஸ் என்னும் பெயர் விரீஸ்டெ ஆனது. தோட்டங்களை ஒட்டி வந்த பெயர்களும் உண்டு. 2023-இல் உட்ரெக்ட் நகராட்சி, அடிமைகளின் வழித்தோன்றல்கள் அப்பெயர்களை மாற்றிக்கொள்ளும் செலவைத் தானே ஏற்க முன்வந்தது. தானே ஏற்ற ஊர்ப்பெயர் வேறு, பிறர் ஒட்டிய ஊர்ப்பெயர் வேறு. ஆகவேதான் யாரையும் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. மேலும், நிறுவனம் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்றிருந்தால், நம்மவர்கள் அதே தோட்டத்துக்கு வழங்கிய தமிழ்ப் பெயர் வேறொன்று இருந்தது. எதைச் சுமப்பது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

மூன்றாவதாக, ஊரைக் கேட்டே சாதியைக் கண்டுபிடிப்பவர்கள் நம்மில் இல்லையா என்பார்கள். இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது உண்மையில் தெருவை. ஊர்ப்பெயர் எல்லாத் தெருவுக்கும் பொது. ஒரே ஊரின் பெயரை எல்லாத் தெருக்காரரும் போட்டுக்கொண்டால் அந்தக் கேள்வியே பதிலில்லாமல் போய்விடும்.

நாளையே எல்லோரும் பதிவிலாகாவுக்குப் போய்ப் பெயரை மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. தலைமுறைக்கு ஒருமுறை மாறும் நம் பெயர்முறையிலும் ஓர் அழகு உண்டு. உறைந்த பெயரில் தாய்வழி மறைந்துபோகும் குறையும் உண்டு. அதை உணர்ந்தே நெதர்லாந்து, 2024 முதல் பிள்ளைக்குத் தாய், தந்தை இருவர் பெயரையும் சேர்த்துச் சூட்ட இடம் கொடுத்திருக்கிறது. நான் கேட்பது இரண்டுதான். குடும்பப் பெயர் என்னும் காலி இடத்தில் சாதியை எழுதாதீர்கள். இந்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களிடம் ஊர்ப்பெயரையும் தோட்டப்பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். டச்சுக்காரர்களுக்கு அவற்றை நினைவில் வைத்திருக்க ஒரு சட்டம் இருந்தது. நமக்கு இருப்பவர்கள் தாத்தா பாட்டிகள் மட்டுமே. அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.