ஓய்ந்து கிடந்த படகு யந்திரமும் தொட்டியில் நின்ற எண்ணெயும்

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் வருஷந்தோறும் ஏப்ரல் 15-ந் தேதி முதல் ஜூன் 14-ந் தேதி முடிய 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாதென்று தடை இருக்கின்றது. மீனினம் பெருகவேண்டுமென்னும் நோக்கத்துடன் ஏற்பட்ட இத்தடை 2017-ம் வருஷத்திற்கு முன் 45 நாட்களாகவே இருந்தது. இக்காலத்தில் படகுக்காரர்கள் சும்மா இருப்பதில்லை. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுகிறார்கள், வர்ணம் பூசுகிறார்கள், வலைகளைச் செப்பனிடுகிறார்கள். யந்திரத்தையும் துடைத்து மசகெண்ணெய் மாற்றி வைக்கிறார்கள். ஆனால் தொட்டியில் மிச்சமாய் நிற்கும் டீசலைப்பற்றி நினைப்பவர் சிலரே. தடை நீங்கிய நாளில் யந்திரம் கிளம்பாமற்போனாலும், கிளம்பித் துறைமுகவாயைத் தாண்டியதும் நின்றுபோனாலும், குற்றம் முழுவதும் யந்திரத்தின்மேலேயே சுமத்தப்படுகிறது. பம்பைக் கழற்று, நாசிலைக் கழற்று என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இவ்வழக்கம் தலைகீழானது. நெடுநாள் ஓய்ந்திருந்த யந்திரம் ஓட மறுத்தால், முதலிற் சோதிக்கவேண்டியது யந்திரத்தையன்று, எண்ணெயையே.

விவசாயப் பத்திரிகையில் படகுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நாகப்பட்டினம், இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களில் வயலும் கடலும் அடுத்தடுத்து இருக்கின்றன. இறைவைப் பம்பை ஓட்டும் டீசல் யந்திரமும் படகை ஓட்டும் டீசல் யந்திரமும் ஒரே முறையில் வேலை செய்பவை. மழைக்காலமெல்லாம் கொட்டகையில் கிடந்த பம்பு யந்திரம் கோடையிற் சண்டி செய்வதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுவே. வித்தியாசம் ஒன்றுண்டு. வயலில் யந்திரம் நின்றால் அன்றையப் பாய்ச்சல் தவறும். கடலில் நின்றாலோ, ஜூன் மாதத்தில் கிழக்குக் கரையில் பெரும்பாலும் தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசுமாதலால், படகு கரையைவிட்டு அகன்றுகொண்டே போகக்கூடும். பாக் நீரிணையில் 1974-ம் வருஷத்து ஒப்பந்தப்படி வகுக்கப்பட்ட எல்லை சமீபத்தில் இருக்கின்றது. யந்திரம் நின்று நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்ட படகுக்கு அவ்வெல்லை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு கைப்பிடி அழுக்கினால் ஐந்தாறு குடும்பங்களுக்கு நேரக்கூடிய கஷ்டம் இத்தன்மையது.

தொட்டியில் தண்ணீர் எவ்விதம் சேருகிறதென்று பலர் ஆச்சரியப்படுவதுண்டு. யாரும் ஊற்றவேண்டியதில்லை. பகல் வெயிலில் தொட்டிக்குள்ளிருக்கும் காற்று விரிந்து காற்றுக்குழாய் வழியாக வெளியேறுகிறது. இரவில் தொட்டி குளிரும்போது, ஈரம் நிறைந்த கடற்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அவ்வீரம் எண்ணெய்க்கு மேலுள்ள சுவர்களில் வியர்வைபோற் படிந்து, வழிந்து, எண்ணெயைவிடக் கனமானதால் அடியிற்போய்த் தங்குகிறது. தொட்டி எவ்வளவு காலியாயிருக்கிறதோ அவ்வளவுக்கு வியர்க்கும் சுவரும் அதிகம். இது தவிர, மேல்தட்டிலுள்ள மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மழைத் தண்ணீரும், தட்டைக் கழுவும் தண்ணீரும் நேராகவே இறங்கும். மூடியை இறுக்கியாயிற்றென்று திருப்தியடைந்துவிடாமல் வளையத்தைக் கையால் வளைத்துப் பார்ப்பது நலம்.

சோதனை மிகவும் எளிது. தொட்டியின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து, தெளிவான கண்ணாடிக் குப்பியில் எண்ணெயைப் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வைக்கவேண்டும். படகு மிதந்து ஆடிக்கொண்டிருக்கும்போது பிடித்தால் உண்மை தெரியாது. ஓரிரவு அமைதியாய் நின்றபின் காலையிற் பிடிக்கவேண்டும். குப்பியின் அடியில் கோடு கிழித்ததுபோல் தெளிந்து நிற்பது தண்ணீர். எண்ணெய் முழுவதும் மங்கலாயிருந்தால் தண்ணீர் நுண்துளிகளாய்க் கலந்திருக்கின்றது. இரண்டிற்கும் நடுவே பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழப்பான நார் மிதந்தால், அதுதான் எல்லாவற்றிலும் கெட்ட அறிகுறி. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் ஒருவகைப் பூஞ்சணமும் நுண்ணுயிர்களும் குடியேறி, எண்ணெயையே உணவாகக்கொண்டு பெருகுகின்றன. இவை வெளிப்படுத்தும் அமிலம் தொட்டியின் உலோகத்தை அரிக்கும். இவற்றைக் கொல்லும் மருந்து கடைகளில் விற்கப்படுகிறது. ஆனால் மருந்தை ஊற்றிவிட்டு மறுநாளே கடலுக்குப் போவதைவிட ஊற்றாமலிருப்பதே சிலாக்கியம். செத்த பூஞ்சணம் மறைந்துபோவதில்லை; திரளாகப் பெயர்ந்து வந்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். தொட்டியைத் திறந்து துடைப்பதற்கு ஈடான மருந்து இன்னும் வரவில்லை.

நிற்க. எண்ணெய் சுத்தமாய்த் தோன்றியும் யந்திரம் ஓடவில்லையானால், கோளாறு எந்தப் பக்கத்தில் என்று பிரித்தறிய ஓர் உபாயமுண்டு. சுத்தமான கேனொன்றில் புதிய டீசலை ஊற்றி, யந்திரத்தைவிட உயரத்திற் கட்டி, தனி ரப்பர்க் குழாயால் பீடு பம்பின் வாயில் இணைத்து ஓட்டிப் பார்க்கவேண்டும். கேனிலிருந்து அரைமணி நேரம் தடையின்றி ஓடினால், யந்திரம் நிரபராதி. குற்றம் தொட்டியிலாவது, குழாயிலாவது, தொட்டிக்கும் பீடு பம்புக்கும் நடுவிலுள்ள வடிகட்டியிலாவது இருக்கின்றது. கேனிலிருந்தும் ஓடாவிட்டால் மாத்திரமே யந்திரத்தின் பக்கம் திரும்பவேண்டும். இந்த ஒரு சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை. இதைச் செய்யாமல் நூற்றுக்கணக்கான ரூபாய்ச் சாமான்களை மாற்றுவது, நோய் எங்கேயென்று கேளாமல் மருந்து கொடுப்பது போலாகும்.

கிளம்பி ஓரிரு நிமிஷம் ஓடி நின்றுவிடும் யந்திரத்தில் பெரும்பாலும் காற்றுப் புகுந்திருக்கும். ஏர் பிடித்துக்கொண்டது என்று படகுக்காரர்கள் சொல்வது இதையே. இதில் ஏமாற்றம் ஒன்றுண்டு. தொட்டியிலிருந்து பீடு பம்பு வரையுள்ள குழாய் உறிஞ்சும் குழாய். அதில் நுண்ணிய வெடிப்பு இருந்தால் எண்ணெய் வெளியே கசியாமலே காற்று உள்ளே புகும். ஆகையால் கசிவு காணோமென்று அக்குழாயை மன்னித்துவிடக் கூடாது. இரண்டு மாதம் வெயிலில் காய்ந்த ரப்பர்க் குழாயையும், அதன் இறுக்குப் பட்டைகளையும், பித்தளை வளையங்களையும் முதலில் பார்க்கவேண்டும். பிறகு வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, பீடு பம்பின் கைப்பிடியை அடித்து, குமிழி இல்லாமல் எண்ணெய் வரும்வரை காற்றெடுக்கவேண்டும். அதன்பின் பெரிய பம்பின் திருகிலும், கடைசியாய் நாசில் குழாய்களின் மரையிலும் இவ்வாறே செய்யவேண்டும். இவ்வரிசையை மாற்றினால் எடுத்த காற்று திரும்பவும் புகுந்து வேலை இரட்டிக்கும்.

பெரிய பம்பைப் படகின்மேலேயே பிரிப்பது முற்றிலும் தவறு. அதனுள்ளிருக்கும் தண்டுக்கும் உறைக்கும் நடுவிலுள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. அதற்கு மசகாவதும் அதனுள் ஓடும் டீசல்தான். தண்ணீர் புகுந்தால் துருவும், உப்புக்காற்றில் பிரித்தால் மணலும் அதைக் கெடுக்கும். இதற்காக மிஸ்திரிகளை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. சொந்தக்காரர் பக்கத்தில் நின்று, இன்றிரவே கடலுக்குப் போகவேண்டுமென்று அவசரப்படுத்தும்போது, அரைமணி நேரம் குப்பியைப் பார்த்து உட்கார்ந்திருக்க எந்த மிஸ்திரிக்குத் தைரியம் வரும்?

வெளிப்புற யந்திரம் பொருத்திய நாட்டுப் படகுகளின் சங்கதி வேறு. அவற்றிற்கு இத்தடை இல்லையாயினும், புயற்பருவத்தில் நாட்கணக்காக அவையும் கரையிலே கிடக்கின்றன. பெட்ரோலின் இலேசான பாகம் ஆவியாகிவிட, மிஞ்சுவது பிசின். அது கார்புரேட்டரின் நுண்துவாரங்களில், அதிலும் முதலாவதாக மெதுவோட்டத்திற்குரிய துவாரத்தில், அடைத்துக்கொள்கிறது. வேகமாய் ஓடி, வேகத்தைக் குறைத்தால் அணைந்துவிடும் யந்திரத்தில் இதையே சந்தேகிக்கவேண்டும். போதாக்குறைக்கு, இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் என்னும் சாராயம் கலப்பது 2022-ம் வருஷத்தில் 10 சதவீதத்தையும், 2025-ம் வருஷத்தில் 20 சதவீதத்தையும் எட்டியது. சாராயம் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. 10 சதவீதக் கலப்பில் லிட்டருக்குச் சுமார் 5 மில்லி லிட்டர் வரை தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமற் கரைந்திருக்கும். 20 சதவீதத்தில் இன்னும் சிறிது அதிகம். அளவு மிஞ்சினால் தண்ணீரும் சாராயமும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். யந்திரம் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பிரிந்த பெட்ரோலைக் குலுக்கினாலும், புதியதைச் சேர்த்தாலும் பழைய ஸ்திதிக்கு வராது. பாதிக்குப் பாதி புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிசெய்துவிடலாமென்று கரையிற் சொல்லப்படும் யோசனை நல்ல பெட்ரோலையும் கெடுப்பதில் முடியும். சில நாட்கள் கடலுக்குப் போவதில்லையென்று தெரிந்தவுடன், எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டு, குளிர்நீர் ஓட்டத்துடன் யந்திரத்தைத் தானாக அணையும்வரை ஓட்டி, கார்புரேட்டரின் கிண்ணத்தை வடித்துவிடுவதே தக்கது.

டீசல் தொட்டியை முழுக்க நிரப்பி ஓய்வுக்கு விடவேண்டுமென்று புத்தகங்கள் சொல்லுகின்றன. சுவர் வெளிப்படாதிருந்தால் வியர்வையுமில்லை என்பது அதன் நியாயம். ஆனால் வருமானம் நின்றுபோகும் இரண்டு மாதத்தின் தொடக்கத்தில், பெரிய தொட்டி நிறைய டீசல் வாங்கி முடக்கும்படி படகுக்காரரிடம் சொல்லுவது, பஞ்ச காலத்தில் களஞ்சியத்தை நிரப்பி வைக்கச் சொல்லுவதற்குச் சமானம். கூடியவர்கள் நிரப்பட்டும். கூடாதவர்கள் தடை தொடங்கும் நாளில் அடியை வடித்து, பதினைந்து நாளைக்கொருமுறை ஒரு குப்பி பிடித்துப் பார்த்து, கிளம்பும் முன் வடிகட்டியை மாற்றினால் பெரும்பாலான தொல்லை தீரும். தொட்டியைத் துடைத்திருந்தால், முதல் சில மணி நேர ஓட்டத்தில் பெயர்ந்து வரும் அழுக்கிற்காக இன்னொரு புதிய வடிகட்டியையும் படகில் வைத்திருத்தல் அவசியம். அதன் விலை, நடுக்கடலில் நின்ற படகை இன்னொரு படகு கட்டியிழுத்து வருவதற்காகும் டீசலுக்கு எவ்வகையிலும் ஈடாகாது.

தடைக்காலத்தில் மீன்வளத் துறையார் விசைப்படகுகளை நேரில் ஆய்வு செய்து, பதிவு எண்ணையும், நீளத்தையும், யந்திரத்தின் குதிரைச் சக்தியையும் சரிபார்க்கிறார்கள். படகின்மேல் ஏறிய அதே வேளையில், தொட்டியின் அடியிலிருந்து ஒரு குப்பி எண்ணெயைச் சொந்தக்காரர் கையாலேயே பிடிக்கச் செய்து அவருக்கே காட்டுவதை ஆய்வின் ஓர் அங்கமாக்கவேண்டும். இதற்குப் புதிய சட்டமோ கருவியோ தேவையில்லை. தண்டனைக்குரிய குற்றமாக்குவதும் கூடாது. அவ்விதம் செய்தால் ஆய்வு நாளுக்கு மட்டும் தொட்டி சுத்தமாயிருக்கும். மே மாதத்துக் கடைசி வாரத்தில் இது நடந்தால், தொட்டியைத் துடைக்கவும், குழாய்களை மாற்றவும் இரண்டு வாரத்திற்குக் குறையாமல் அவகாசம் கிடைக்கும்.