பெற்றுவிட்டதாக நம்பு!

கோயிலும் வேண்டாம், குருமாரும் வேண்டாம், காணிக்கையும் வேண்டாம். உள்ளத்தில் உறுதி ஒன்றிருந்தால் உலகே வசமாகும் என்று ஒருவர் உரைத்தால், பகுத்தறிவு பயின்ற இளைஞரும் சற்றே மயங்கக்கூடும். தரகரை ஒழித்தவர் நம்மவரன்றோ என எண்ணக்கூடும். தோழர்களே, தரகர் போனார், சரக்கு போகவில்லை!

1905-இல் பார்படோஸ் தீவில் பிறந்து, 1922-இல் நியூயார்க் சென்று, 1972-இல் மறைந்த நெவில் கோடார்டு இந்தச் சரக்கின் பெருவணிகர். விவிலியம் வரலாறன்று, உள்ளத்தின் நாடகம். மனிதனின் கற்பனையே கடவுள். விரும்பியது கிட்டிவிட்டதாகவே உணர்ந்து உறங்கு, கிட்டும் என்றார். வேண்டுவதைப் பெற்றாயிற்று என நம்புவோர் பெறுவர் எனும் மாற்கு நற்செய்தியின் 11-ஆம் அதிகாரம், 24-ஆம் வசனமே இதற்கு வேர்.

கிட்டாவிட்டால்? உன் நம்பிக்கையில் ஊனம் என்பர். கிட்டினால் கொள்கைக்கு வெற்றி. கிட்டாவிட்டால் ஏங்கியவனுக்குப் பழி! எந்நாளும் தோற்காத கொள்கை எதையும் மெய்ப்பிப்பதில்லை. பசித்தவனைப் பார்த்து, உன் முன்வினை என்றது பழைய கொடுமை; உன் மனக்குறை என்பது புதிய கொடுமை. இரண்டும் சுரண்டுவோனைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதில்லை.

2008-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நீரிழிவு முற்றிய 11 வயதுச் சிறுமியை மருத்துவரிடம் கொண்டு செல்லாது, பெற்றோர் செபித்தே காத்திருந்தனர். சிறுமி மாண்டாள். அவர்கள் நெவிலின் சீடர்கள் என்பதன்று என் வாதம். அவர்தம் நம்பிக்கையில் குறையேது? பெற்ற மகளின் உயிரையே பணயம் வைத்த நம்பிக்கையினும் உறுதியானது எது? உள்ளம் நிறைந்திருந்தது, உடலில் இன்சுலின் இல்லை! 2009-இல் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. 2013-இல் மாநில உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

அந்த இன்சுலின் எங்கிருந்து வந்தது? 1921-இல் கனடாவின் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் நாய்களின் கணையத்தை ஆராய்ந்தனர். 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவனுக்கு ஊசி போடப்பட்டது. முதல் மருந்து போதிய பயன் தரவில்லை. சிறுவனின் நம்பிக்கையை எவரும் பழிக்கவில்லை. மருந்தைத் தூய்மை செய்தனர். சில நாட்களில் மீண்டும் போட்டனர், பலித்தது.

கற்பனையை நாம் வெறுக்கவில்லை. டொராண்டோவிலும் கற்பனை இருந்தது. அது கண்மூடி உறங்கவில்லை, கண்விழித்து உழைத்தது. பெற்றுவிட்டதாக நம்புகிறவன் கேட்பதை நிறுத்துகிறான், போராடுவதையும் நிறுத்துகிறான். இளைஞனே, பெறவில்லை என்பதை முதலில் அறி, ஏன் பெறவில்லை என்று கேள், பிறகு எழு!