கழிப்பறையில் கொட்டிய மாத்திரைகள்



சென்ற ஆண்டு என் மனைவி காலமான பின், அலமாரியில் மிஞ்சியிருந்த மருந்துகளை ஒரு மாலையில் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டேன். முக நரம்பு வலிக்கு அவள் சாப்பிட்டுவந்த கார்பமசெபின் மட்டுமே நான்கு அட்டை. குப்பையில் போட்டால் குழந்தைகள் எடுத்துத் தின்றுவிடுமே என்ற பயம்தான். மறுநாள் கிணற்றில் நீர் இறைக்கும்போதுதான் உறைத்தது. கிணற்றிலிருந்து பன்னிரண்டு தப்படியில் செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழி. கட்டட விதிப்படி ஏழரை மீட்டர் விட்டிருக்கிறேன். ஆனால் அந்த விதி கிருமிக்குப் போதலாம், கரைந்த மருந்துக்குப் போதுமா?

ரயில்வேயில் சேர்ந்த புதிதில், நீராவி எஞ்சின் பாய்லருக்குத் தண்ணீர் பக்குவம் செய்யும் இடத்தில் கற்ற பாடம் ஒன்று உண்டு. கலங்கலை மணல் பிடிக்கும். கரைந்த உப்பைப் பிடிக்காது. மருந்தும் பெரும்பாலும் அப்படித்தான்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு குழிதான். திருவனந்தபுரம் முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10 கோடியே 70 லட்சம் லிட்டர் திறனுள்ள சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அவ்வகை நிலையங்களில் காற்றூட்டிய தொட்டியில் பாக்டீரியாக்கள் கழிவைத் தின்கின்றன. பாராசிட்டமாலையும் பெரும்பாலும் தின்றுவிடும். கார்பமசெபினை அநேகமாகத் தொடுவதே இல்லை. அதைப் பிடிக்க ஓசோனோ, கிளர்வூட்டிய கரியோ வேண்டும். சுவிட்சர்லாந்து 2016 முதல் தேர்ந்தெடுத்த நிலையங்களில் அதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. அந்தச் செலவு நமக்கு இப்போது கட்டாது. அப்படியே கட்டினாலும், நம் வீட்டுக் குழிக்கு யார் ஓசோன் வைப்பது?

நாம் விழுங்கும் மருந்தில் ஒரு பங்கு சிறுநீரில் போகத்தான் செய்யும். அதைத் தடுக்க வழியில்லை. கொட்டுவதையாவது நிறுத்தலாமே. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025 பிப்ரவரியில் 'என்-பிரவுட்' என்ற திட்டத்தைக் கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி பஞ்சாயத்திலும் தொடங்கியது. பயன்படுத்தாத மருந்துகளைச் சேகரித்து முறைப்படி அழிப்பதே நோக்கம். நம் வார்டுகளுக்கும் அது வேண்டுமென்று சங்கம் மனுக் கொடுக்க வேண்டும். மலையாளத்தில் எழுதித் தர இளைஞர்கள் இருக்கிறார்கள்; தட்டச்சுச் செலவை நான் ஏற்கிறேன்.

அதுவரை மிச்ச மாத்திரைகளை அட்டையோடு ஒரு டப்பாவில் மூடி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். டாக்டர் ஐந்து நாளுக்கு எழுதினால் பத்து நாளுக்கு வாங்காதீர்கள். என் அலமாரியில் இன்னும் இரண்டு பாட்டில் டானிக் இருக்கிறது. கொட்டவில்லை.