மணல் மூடிய துறைமுகமும் அடிலெய்ட் வீசாவும்

சென்ற மாதம் எங்களூர்ப் பாடசாலையொன்றின் பரிசளிப்பு விழாவுக்குப் போயிருந்தேன். சிறப்புரையாற்றிய பிரமுகர், வெளிநாட்டில் குடியேறும் படித்த இளைஞர்களைச் 'சமூகத்துக்குத் துரோகம் செய்பவர்கள்' என்றார். மண்டபம் கைதட்டியது. நான் தட்டவில்லை. என் தங்கையின் மகன், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த சிவில் பொறியியலாளன், இரண்டு கிழமைக்கு முன்னர்தான் மனைவி பிள்ளையுடன் அடிலெய்ட் நகருக்குப் போயிருந்தான். பேசியவரின் பிள்ளைகள் இருவர் இலண்டனில் குடியிருப்பதை அம்மண்டபத்தில் அறியாதவர் இல்லை. அதை யாரும் கேட்கவுமில்லை.

மருமகன் களவாகப் படகேறவில்லை. 491 என்னும் இலக்கமுடைய வீசாவில் போனான். 2019 நவம்பரில் அவுஸ்திரேலியா அறிமுகப்படுத்திய வீசா அது. வயது, கல்வி, ஆங்கிலம், தொழில் அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. குறைந்தது 65 வேண்டும். மாநில அரசொன்று பரிந்துரைத்தால் மேலும் 15 புள்ளிகள் சேரும். அதற்குக் கைமாறாக ஒரு நிபந்தனை: சிட்னி, மெல்பேர்ன், பிரிஸ்பேன் என்னும் மூன்று பெருநகரங்களில் குடியிருக்கக் கூடாது. ஐந்து வருட வீசாவில் மூன்று வருடங்களைப் பிராந்தியப் பகுதியொன்றில் கழித்து, உழைத்து, வருமானக் கணக்கைக் காட்டினால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். அந்தக் கணக்கில் அடிலெய்டும் ஹோபார்ட்டும் டார்வினும் பிராந்திய நகரங்களே.

இதை நான் அந்நாட்டின் தருமமாகக் கருதவில்லை. பிறர் செலவில் படித்து முடித்தவரை இளவயதிலேயே எடுத்துக்கொள்ளும் சுயநலம் இது. ஆயினும் அந்தச் சுயநலத்துக்குள் ஓர் அறிவு இருக்கிறது. பெருநகரங்கள் மட்டும் நாடு ஆகா. சிறிய நகரத்துக்கும் பொறியியலாளரும் தாதியும் ஆசிரியரும் வேண்டும். அவர்கள் தாமாக வராவிட்டால் சலுகை கொடுத்தாவது வரவழைக்க வேண்டும் என்ற அறிவு. கல்முனையைப் பற்றிக் கொழும்பு எப்போதாவது இப்படி எண்ணியிருக்கிறதா?

ஒலுவிலுக்கு வந்து பாருங்கள். மர்ஹூம் அஷ்ரபின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் அங்கே இருக்கிறது. இன்று அதற்கொரு பொறியியற் பீடமும் உண்டு. அதே ஊரில் டென்மார்க்கின் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் திறந்துவைக்கப்பட்ட துறைமுகமும் உண்டு. அதன் வாயிலை மணல் மூடியது. பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. வணிகத் துறைமுகமாக அது இயங்கவேயில்லை. பீடம் வருடந்தோறும் பட்டதாரிகளை வெளியே அனுப்புகிறது. அவர்களுக்கு வேலை தந்திருக்க வேண்டிய துறைமுகமோ மணலுக்குள் கிடக்கிறது. ரயில் பாதை இன்றும் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. என் மருமகன் ஊரில் வேலை தேடிக் களைத்து, கொழும்பில் வாடகை அறையொன்றில் நான்கு வருடம் காலம் தள்ளினான். ஊரைவிட்டு அவன் முதலில் போன இடம் அடிலெய்ட் அல்ல, கொழும்பு. அப்போது அவனை யாரும் துரோகி என்று சொல்லவில்லை.

பொருளாதாரம் சரிந்த 2022இல் இந்நாடு ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சீட்டுகளை வழங்கியது. அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாமென அரசாங்கமே சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஜனவரியில் சம்பள வரி 36 வீதம் வரை ஏறியது. நாடே வாசலைத் திறந்துவிட்டபின், வெளியே போனவனை மட்டும் குற்றஞ்சாட்டுவது என்ன நியாயம்?

நட்டம் இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. மத்திய கிழக்குக்குப் போனவர் பெட்டியோடு திரும்பி வந்தார், காசு அனுப்பினார், குமருக்கு வீடு கட்டினார். இது அப்படியான பயணம் அல்ல, குடிபெயர்வு. குடும்பத்தோடு போகிறவர் அங்கேயே வீடு வாங்குவார். அவருடைய பிள்ளை அங்கேயே படிக்கும். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை ஊரில் நிறுத்திய வழக்கம் எங்களுடையது. இப்போது வீடு கட்ட வைத்திருந்த காணியை விற்று மகளுக்கும் மருமகனுக்கும் வீசாச் செலவைக் கொடுக்கிறார்கள். என் தங்கையின் சம்பந்தி அதைத்தான் செய்தார். பேரப்பிள்ளையின் முகத்தை இன்று அவர் தொலைபேசித் திரையில் பார்க்கிறார்.

கொழும்பைக் குறை சொல்லிவிட்டு நாங்களும் தப்பிவிட முடியாது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்தது. சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. சபை எவருக்கு, எல்லை எங்கே, செயலகம் எவர் கையில் என்று தமிழரும் முஸ்லிம்களுமாக வருடக்கணக்காக வாதாடினோம். அவை அற்பமான கேள்விகள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குச் செலவிட்ட மூச்சில் பத்திலொரு பங்கையாவது துறைமுகத்துக்கும் ரயிலுக்கும் செலவிட்டோமா? தேர்தல் மேடைகளில் படித்த பிள்ளைகளின் வேலை எத்தனை நிமிடம் பேசப்பட்டது? எல்லை வரைந்து முடிக்கையில் உள்ளே குடியிருக்க இளைஞர் வேண்டாமா?

இளைஞர் ஊரில் நிற்க வேண்டுமானால், நிற்பதற்கு ஒரு காரணம் கொடுங்கள். உபதேசம் காரணமாகாது. அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு வருமுன் அந்தப் பிரமுகர் ஒலுவில் துறைமுக வாயிலில் ஒருதரம் போய் நின்று பார்க்கட்டும். பல்கலைக்கழகம் அங்கிருந்து அதிக தூரமில்லை.