கோல் எப்போது கைக்கு வர வேண்டும்?



நோர்வே, சுவிட்சர்லாந்து, கனடா போன்ற நாடுகளில் குடியேறிய நம்மவர்களின் பிள்ளைகள் பலர் அங்கே பனிச்சறுக்குப் பழகுகிறார்கள். அவர்களுடைய புகைப்படங்கள் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம். தலையில் கவசம், காலில் கனமான சப்பாத்து, அதன் கீழே இரண்டு நீண்ட பலகைகள். ஆனால் சின்னஞ்சிறுசுகளின் கைகள் மட்டும் வெறுமையாக இருக்கும். ஒலிம்பிக் வீரர்கள் இரு கைகளிலும் கோல் பிடித்து மலையிலிருந்து பாய்ந்து வருவதைத் தொலைக்காட்சியில் பார்த்த நமக்கு இது புதுமையாகத் தோன்றும். பெரியவர்களே கோல் பிடிக்கும்போது, தட்டுத்தடுமாறும் பிள்ளைக்கு அது இன்னும் அவசியமல்லவா என்று கேட்கத் தோன்றும்.

ஆசிரியர்கள் தெரிந்துகொண்டேதான் கோலைக் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அதற்கான காரணத்தைத்தான் இம்மாதம் பார்க்கப் போகிறோம்.

முதலில் சறுக்கும் விதத்தைச் சற்று விளங்கிக்கொள்வோம். பனிச் சரிவில் நிற்பவரைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. வேகத்தைக் குறைப்பதும் திரும்புவதும் நிற்பதும் கால்களின் வேலை. ஆரம்பத்தில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் நிலைக்குப் ‘பனிக் கலப்பை’ என்று பெயர். இரு பலகைகளின் முன் நுனிகளையும் நெருக்கி, பின் நுனிகளை அகலமாக விரித்து, உள் விளிம்புகளால் பனியை அழுத்துவது. சிறு பிள்ளைகளுக்கு விளங்க வேண்டுமென்று இதைப் ‘பீட்சாத் துண்டு’ என்றும் சொல்வார்கள். விரிப்பைக் கூட்டினால் வேகம் குறையும். வலது காலில் பாரத்தை ஏற்றினால் இடப்பக்கம் திரும்பும். இடது காலில் ஏற்றினால் வலப்பக்கம் திரும்பும். இவ்வளவுதான் முதற்பாடம்.

இந்தப் பாடத்துக்கு ஓர் எதிரி உண்டு. அது பயம். சரிவைக் கண்டு பயந்தவர் பின்னால் சாய்வார். சாய்ந்தவுடன் பலகையின் முன்பகுதியில் பாரம் குறையும். பாரம் குறைந்த பலகை சொன்ன சொல் கேளாது. ஆகவே முழங்காலை மடக்கி, கணைக்கால் சப்பாத்தின் முன்பக்கத்தில் படும்படி முன்னோக்கி நிற்கப் பழக வேண்டும். கீழே போகப் பயமாக இருக்கும்போது கீழ்நோக்கியே சாய்ந்து நிற்பது மனதுக்கு எளிதல்ல. அதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. கால் தானாக உணர வேண்டும்.

இந்த நேரத்தில் கையில் கோலைக் கொடுத்தால் என்ன நடக்கும்? பிள்ளை முழுப் பாரத்தையும் கோலில் போடும். அதைப் பனியில் குத்தி நிறுத்தப் பார்க்கும். ஓடும் உடலை மெல்லிய கோல் நிறுத்தாது. பார்வை தூரத்தை விட்டுக் கோலின் நுனிக்கு வந்துவிடும். இடுப்பு வளையும், பாரம் பின்னால் போகும். கால் கற்க வேண்டியதைக் கை செய்ய முயல்கிறது. கையாலும் ஆகவில்லை, காலும் கற்கவில்லை. கோலின் கூர்முனை பக்கத்துப் பிள்ளையின் முகத்தில் படக்கூடிய ஆபத்து வேறு.

விழும்போது இன்னோர் ஆபத்தும் உண்டு. விழுபவர் கையை ஊன்றுவது இயல்பு. உள்ளங்கையில் கோலின் பிடி இருந்தால் அது பெருவிரலை வெளிப்பக்கமாகத் தள்ளிவிடும். பெருவிரலின் அடிமூட்டை உட்புறமாக இறுக்கிப் பிடித்திருக்கும் நார் இழுபட்டோ கிழிந்தோ போகும். மருத்துவர்கள் இதைச் ‘சறுக்குவோர் பெருவிரல்’ என்கிறார்கள். 1955ஆம் ஆண்டில் கெம்பல் என்ற மருத்துவர், முயல்களின் கழுத்தைத் திருகும் வேலையால் ஸ்கொட்லாந்தின் வேட்டைநிலக் காவலர்களுக்கு இதே மூட்டு தளர்ந்து போவதை எழுதி வைத்தார். பனியில் ஒரே விழுகையில் அது நேர்ந்துவிடுகிறது. சுளுக்குத்தானே என்று விட்டுவிட்டால், பின்னர் போத்தல் மூடி திறக்கவும் சாவி திருப்பவும் விரலில் பலமிராது. நார் முழுதாகக் கிழிந்தால் சத்திரசிகிச்சையும் தேவைப்படலாம்.

அதனால் கைகள் வெறுமையாக இருக்கும்போதே அவற்றுக்கும் பாடம் நடக்கிறது. இரு கைகளையும் முழங்கால்களில் வைத்துக்கொண்டு சறுக்கச் சொல்வார்கள். உடல் முன்னே வரும். ஆகாய விமானத்தின் இறக்கை போல் கைகளை விரித்து, திருப்பத்தின் வெளிப்பக்க இறக்கையைத் தாழ்த்தச் சொல்வார்கள். பாரம் தானாக வெளிக்காலுக்குப் போகும். தேநீர்க் கோப்பைகள் வைத்த தட்டமொன்றை ஏந்தி வருவதாக எண்ணிக்கொள்ளச் சொல்வார்கள். கைகள் அலையாமல் முன்னே நிற்கும். ஓரளவு பழகியவர்களுக்கு இரு கோல்களையும் கிடையாகச் சேர்த்துப் பிடித்து, அதையே அந்தத் தட்டமாக்கிக் கொடுப்பதும் உண்டு.

பெரியவர்கள் கற்கும்போது பல ஆசிரியர்கள் தொடக்கத்திலேயே கோல் கொடுப்பார்கள். சமதரையில் தள்ளிப் போகவும், விழுந்தால் எழும்பவும் அது உதவும். ஆனால் அவர்களையும் இடையிடையே கோலை ஓரமாக வைத்துவிட்டுச் சறுக்கச் சொல்வார்கள். சமவெளியில் நெடுந்தூரம் போகும் சறுக்கில் கோல்தான் பாதி வேலையைச் செய்கிறது. அங்கும்கூடக் கால்களின் சமநிலைக்காகக் கோலில்லாப் பயிற்சி உண்டு.

இந்தக் கலையின் வரலாறும் இதே வழியில்தான் வந்திருக்கிறது. முற்காலத்தில் நோர்வேயிலும் அயல்நாடுகளிலும் ஒரே ஒரு நீண்ட தடிதான். இறக்கத்தில் அதைக் கால்களுக்கிடையே வைத்து, அதன்மேல் அமர்ந்தாற்போல் அழுத்தி வேகத்தைக் குறைப்பார்கள். நோர்வேயின் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சொன்ட்ரே நோர்ஹைம், முறுக்கிய மரக் கொடிகளால் குதிகாலையும் சுற்றிப் பலகையோடு கட்டினார். கால் பலகையை ஆளத் தொடங்கியதும் தடியில் தொங்க வேண்டிய தேவை குறைந்தது. 1868இல், இன்று ஒஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியாவில் நடந்த போட்டியில் அவர் திரும்பி நின்ற விதம் மக்களை வியக்க வைத்தது. பின்னர் ஒஸ்திரியாவில் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி என்பவர் லிலியன்பெல்ட் என்ற ஊரில் செங்குத்துச் சரிவுகளில் சறுக்கும் முறையை வகுத்தார். அவர் பயன்படுத்தியதும் ஒற்றைக் கோலே. ஜோர்ஜ் பில்கேரி என்ற இராணுவ அதிகாரி போன்றோர் இரு கோல் முறையை அங்கே பரப்பினர். அதன்பின் ஆல்பர்க் பகுதியில் ஹன்னஸ் ஷ்னைடர் பனிக் கலப்பையில் தொடங்கிப் படிப்படியாக மேலேறும் பாடமுறையை அமைத்தார். 1958இல் அமெரிக்கரான எட் ஸ்கொட் அலுமினியக் கோலை அறிமுகப்படுத்தினார். கனமான ஊன்றுதடி, கையில் இருப்பதே தெரியாத இலேசான கோலாக மாறியது.

அப்படியானால் அந்த இலேசான கோலுக்கு என்ன வேலை? காலத்தைக் காட்டுவதுதான். இரு பலகைகளையும் இணையாக வைத்துத் திரும்பப் பழகியவர், அடுத்த திருப்பத்தின் உட்பக்கத்தில் கோலின் நுனியை மெதுவாகத் தொட்டு எடுப்பார். தொட்டதும் பழைய விளிம்பை விட்டுப் புதிய விளிம்புக்குப் பாரம் மாறும். தாளம் போடுபவரின் கைபோல, ‘இப்போது திரும்பு’ என்று அது சொல்கிறது. செங்குத்தான இடத்திலும் மேடுபள்ளத்திலும் இந்தத் தொடுகை இல்லாவிட்டால் திருப்பம் பிந்திப் போகும். கால் பழகாதவனுக்கு இடைஞ்சலாக இருந்த அதே பொருள், கால் பழகியவனுக்கு நல்ல துணையாகிறது. பொருள் ஒன்றுதான், அது கைக்கு வரும் நேரம்தான் வேறு.

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் வாசகர்களும், அங்குள்ள உறவினருக்கு எழுதும் வாசகர்களும் சில விடயங்களை மனதில் வையுங்கள். இலகுவான சரிவில் இரு பக்கமும் திரும்பவும், நினைத்த இடத்தில் நிற்கவும், கைகள் அலையாமல் இருக்கவும் பிள்ளை பழகிவிட்டால் கோலுக்கு நேரம் வந்துவிட்டது. வயதைவிட இதுவே நல்ல அடையாளம். அதற்கு முன் கடையில் வாங்கிக் கொடுத்து ஆசிரியரை நெருக்காதீர்கள். வாங்கும்போது கோலைத் தலைகீழாக்கி, நுனிக்கருகே உள்ள வட்டத் தட்டுக்குக் கீழே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கை நேர்க்கோணமாக மடிந்தால் அளவு சரி. பிள்ளை வளரும் என்று நீளமானதை வாங்க வேண்டாம். நீண்ட கோல் உடலைப் பின்னால் தள்ளும். வாரைக் கீழிருந்து மேலாகக் கையை நுழைத்து அணிய வேண்டும். நாற்காலித் தூக்கியில் ஏறுமுன் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிட வேண்டும். விழும்போது கோலை விட்டுவிடப் பழக்குங்கள். விழுந்தபின் பெருவிரலின் அடி வீங்கி வலித்தால் தைலம் தடவிக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தன் பிள்ளை பனியில் பத்துத் தடவை விழுந்தெழும்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எந்தத் தாய்க்கும் தந்தைக்கும் கடினம்தான். பற்றிக்கொள்ள ஏதாவது கொடுத்துவிடலாமே என்று கை துடிக்கும். ஆனால் ஆரம்பச் சரிவு சாய்வு குறைந்தது, பனி மெதுவானது, பக்கத்தில் ஆசிரியர் இருக்கிறார். விழுந்து பழக அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது. கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள். பிள்ளையின் கால்கள் தம் வேலையை அங்கேதான் கற்றுக்கொள்கின்றன.